மஞ்சள் அட்டை

மருந்துச் சீட்டின் பின்பக்கம்
டாக்டர் இரண்டு பாகற்காய் வரைந்தார்.
வலது பாகற்காயின் அடியில்
பேனாவால் ஒரு குத்து.
"இங்கதான்."

அந்தக் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு
நான்கு முறை மருந்து ஏற்றலாம்.
அல்லது முதலில் மருந்து,
சுருங்குகிறதா பார்த்துப் பிறகு கத்தி.
மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறதாம்,
மரபணு ரிப்போர்ட் வந்து
அதில் வரவேண்டிய எழுத்து வந்திருந்தால்,
மாத்திரை.
"ரெண்டு பேரும் பேசிட்டு வியாழக்கிழமை வாங்க."

இருமல் எத்தனை நாளா? நான் சொன்னேன்.
சளியில் ரத்தம்? நான்.
எடை, தூக்கம், படியேறினால் மூச்சு,
நான், நான், நான்.
மின்வாரிய கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம்
கேள்வி முடியுமுன் பதில் சொல்லிப் பழகிய வாய்.

வெளியே, இளநீர் வண்டி நிழலில்,
எத்திராசு சட்டைப்பையில் கைவிட்டு
மஞ்சள் அட்டையை எடுத்து
என் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார்.
ஒரு வார்த்தை இல்லை.
இளநீர் சீவுகிறவன் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

வியாசர்பாடி மைதானத்தில் முப்பது வருஷ ரெஃப்ரி.
பீடியைத் தொட்டதில்லை.
தெருவில் யார் வந்தாலும் முதலில் அதைத்தான்,
"சிகரெட் உண்டாமா?"
அலுத்துப்போய் மூன்றாம் வீட்டுக்காரியிடம்
"விசில்" என்றேன்.
மறுநாள் பேரனிடமிருந்து
அவள் விசிலைப் பிடுங்கிவிட்டதாகக் கேள்வி.

அண்ணன் போனில் முள்சீத்தா என்றார்.
நாத்தனார் மகன் துபாயிலிருந்து
நாற்பது பக்கம் அனுப்பினான்.
கத்தி பட்டால் பரவும் என்றாள் ஒருத்தி,
வடையைப் பிட்டுக்கொண்டே.
நான் பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்னால்
கேள்விகளாக எழுதி நம்பர் போட்டேன்.
காப்பீட்டு அட்டை செல்லுமா,
ஐசியூ எத்தனை நாள்,
எத்தனை சதவீதம்,
சதவீதம் என்றால் யாருடைய சதவீதம்.
இருபத்திமூன்று வந்தது.

புதன் இரவு கரண்ட் போனது.
என் ஆபீசை அவர் திட்டவேண்டிய நேரம்.
திட்டவில்லை.
மொட்டைமாடியில், மணலிப் பக்கமிருந்து வரும்
அந்த வாடையில் நின்றோம்.
"நீ என்ன நெனைக்கிற?" என்றார்.

ஆபரேஷன் என்று தொண்டைவரை வந்தது.
ஆபரேஷன், நாளைக்கே, விடியுமுன்னே,
அறுத்து எறியட்டும் அதை.
விழுங்கிக்கொண்டு கேட்டேன்,
"உங்களுக்கு எது பயம்?"

முப்பத்தோரு வருஷத்தில்
ஒருமுறையும் இதைக் கேட்டதில்லை என்பது
கேட்ட பிறகுதான் உறைத்தது.

கீழே டார்ச் வெளிச்சத்தில் கேரம் நடந்தது.
ஒரு காய் பையில் விழும்வரை,
இன்னொன்று விழும்வரை,
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
"படுத்துக் கெடக்கறது இல்ல.
எழுந்து உக்காந்து
பசங்க ஆடறத ஜன்னல்ல பாக்கறது."

வியாழன், இருபத்தொன்பது சி-யில்
ஜன்னலோரம் அவருக்கு.
டாக்டர் அறையில் என் கைகளைத்
தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன்.
பழக்கத்தில் அவர் என்னைத்தான் பார்த்தார்.
நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.
ஏதோ ஜூன் மாதம், ஏதோ அருவி.
ஏசி ஓடுகிற சத்தம்.

"கீழ எடுத்துட்டா
விசில் ஊத முடியுமா சார்?"

இருபத்திமூன்றில் இல்லாத கேள்வி.
டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.
"ஊதலாம். ஓடிக்கிட்டே ஊதறது...
அத இப்ப சொல்ல முடியாது."
"நல்ல ரெஃப்ரி கம்மியாத்தான் ஊதுவான்,"
என்றார் எத்திராசு.
சிரிக்கப் போய் இருமல் வந்தது.
தண்ணீர் பாட்டிலை நான் நீட்டவில்லை.
அவரே எடுத்துக்கொண்டார்.
"எடுத்துருங்க."

முன்பணம் கட்டும் கவுண்டர்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
உள்ளேயிருந்த பெண் தலை நிமிராமல்
"சில்லறையா குடுங்கம்மா" என்றாள்.
என் வாக்கியம். என் குரலேகூட.
பைக்குள் துழாவிக்கொண்டிருந்தேன்.
பின்னாலிருந்து ஒரு கை
என் தோளைத் தாண்டி நீண்டது.

"எங்கிட்ட இருக்கு. நவுரு."