பெல்ட் போட்ட பீப்பாய்

முன் இருக்கையில் ஏற்றியதும்
கார் கூவத் தொடங்கியது:
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை.
போட்டுவிட்டேன்.
பின்னால் ரோலண்டு,
மடியில் ஐஸ் பெட்டி, கழுத்தில் குழாய்,
"வளைவில் மெல்ல, வளைவில் மெல்ல."
ஆறு வாரம் நிலவறையில் அசையாமல் கிடந்ததை
நாற்பது மைல் சரளைச் சாலையில்
எப்படி மெல்ல?

விஸ்கான்சின் ஏரிக்கரை, ஜூலை.
பிர்ச் மரத்தடியில் சிவப்புக் கோப்பைகளின் வரிசை.
திறந்தான்.
நுரை.
இன்னொரு கோப்பை, நுரை.
ஒன்பதாவதைப் புல்லில் கவிழ்த்தபோது
லவெர்னின் நாய் மட்டும் பாராட்டியது.
ஈரத் துண்டைச் சுற்றிவிட்டு
பிரசவ அறை வாசலில் நிற்பவன் முகத்தோடு
"அரை மணி நேரம்" என்றான்.

அடங்கியது.
அதற்குள் வாயு தீர்ந்து
சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

அப்போதுதான் ஆர்டிஸ் எழுந்து போனாள்,
வேலித் தகராறில் இரண்டு வருடமாக
எங்களோடு பேசாதவள்.
திரும்பியபோது கையில் சைக்கிள் பம்ப்,
பல்லிடையே ஒரு சுருள் டேப்.
"காற்றுப் பட்டால் நாளைக்கே கெட்டுவிடும்."
"நாளைக்கு யார் கேட்டது, ரோலண்டு?"

அவள் அடித்தாள், அவன் பிடித்தான்.
தெளிந்த பொன், ஓரத்தில் லேசாக ஆரஞ்சுத் தோல் வாசம்.
நாளை இல்லை என்பதால்
யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை.
எனக்கு ஒரே மிடறு. ஓட்ட வேண்டும்.

திரும்புகையில்
காலிப் பீப்பாயைக் கார் கண்டுகொள்ளவில்லை.
நான்தான் பெல்ட் போட்டேன்.
வீட்டு வாசலில் விளக்கடித்தபோது தெரிந்தது வேலி,
அதே இடத்தில்,
அதே ஒன்றரை அடி எங்கள் பக்கம்.