ஐந்தாவது ஸ்கிரீன்

பெல்ஜியம் பையர் அனுப்பிய ஃபைலில்
உள்ளங்கை அளவில் ஒரு ஜெபப் புத்தகம்.
தலையணை உறைக்கு அதன் ஓரம் மட்டும் வேண்டுமாம்:
நத்தை, ஸ்ட்ராபெரி, நீலப்பூ.
எழுத்தைத் தூக்கிருங்க, லத்தீன், யாருக்குப் புரியப்போகுது
என்றார் மெர்ச்சண்டைசர் இளம்பரிதி.
தங்கத்துக்கு மஞ்சள் போதும்.
நாலு ஸ்கிரீன், எட்டாயிரம் ஜோடி.

வெங்கமேட்டில் கரண்ட் வந்ததும்
பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
எல்லாம் சுத்தம்.
ஒன்றில் மட்டும், வலது கீழ்மூலையில்,
பழுப்பாய் ஒரு கறை.

பங்குச் சாமியாருக்குப் படம் அனுப்பினேன்.
"செத்தவங்களுக்கான ஜெபம்மா.
உசுரோட இருக்கறவங்க ராத்திரில சொல்லிப் பழகறது.
எதுக்குங் கேக்கறீங்க?"
டிசைனுக்குங்க ஃபாதர்.

அவள் (அவளென்றே வைத்துக்கொண்டேன்)
பேறுகாலத்துக்கு முன்போ
ஊரில் கொள்ளைநோய் வந்தபோதோ
இங்கேதான் கட்டைவிரலை வைத்திருக்கிறாள்.
படித்தாளோ,
சும்மா பிடித்துக்கொண்டிருந்தாளோ.

என் டிராயரில்
கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக் கவர்,
பதினொரு நாளாய்ப் பிரிக்காமல்.
அதற்கும் மூலை மழுங்கிவிட்டது.

கறையை நீக்கவும் என்று மெயில்.
நத்தையின் கொம்பைச் சரிசெய்தேன்.
பூவுக்குக் காம்பு நீட்டினேன்.
பிறகு
கறையைத் தனி லேயராக்கிச் சேமித்தேன்.

அஞ்சாவது ஸ்கிரீன் எதுக்குங்க, செலவாகுமே?
நிழலுங்க, என்றேன்.
சேம்பிள் பார்த்த பையருக்குப் பிடித்துப்போனது.

எட்டாயிரம் ஜோடி.
தூங்குகிறவர் கன்னம் படும் இடத்தில்
அவள் விரல்.

நாற்பது டிகிரியில் இருபது சலவை கண்டாலும்
சாயம் போகாதென்று
லேப் ரிப்போர்ட் வந்திருக்கிறது.
அதை மட்டும்
உடனே பிரித்துப் படித்தேன்.