நாற்பத்தொன்பது டிகிரி

கருப்பூர் சூளைப் புகையில்
நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு நீராவி.
சேலத்துக் காற்றழுத்தத்தால் பெருக்கி
அட்டவணையில் விரலை ஓட்டினேன்:
நாற்பத்தொன்பது.
அதற்கு மேல் புகைபோக்கி நனையாது என்று
கையெழுத்தும் போட்டேன்.

ஆடியில் ஏறி இறங்கினார் ஃபிட்டர் மாதையன்.
கையுறையெல்லாம் துரு, ஈரம்.
"நூத்திருவதுலயே வேர்க்குதுங்க மேடம்.
உங்க கணக்கு அதுக்குத் தெரியல போல."

எண்ணெயில் கந்தகம்.
ஒரு சிட்டிகை.
தாளில் அதற்கு நான் இடமே விடவில்லை.

ஞாயிறு, ஏற்காடு பஸ்.
பதினாறாம் கொண்டை ஊசியில்
மேகம் வழிமறித்தது. ஜன்னலை ஏற்றினார்கள்.
முன்பின் தெரியாத நாற்பது பேரின் மூச்சு
கண்ணாடியில் வெளுத்தது.

இந்தக் கலவைக்கு
நான் கணக்குப் போடவில்லை.
உள்ளங்கையால் துடைத்து
கீழே, பள்ளத்தில், சூளையைத் தேடினேன்.

அடுத்த வளைவுக்குள்
மறுபடி.