சாம்பல் மேல் சாம்பல்

ஞாயிறு.
போர்ட் அடிலெய்டின் சிவப்பு வெளிச்சவீட்டடியில்
சுகிர்தா வரைபடத்தை விரிக்கிறாள்.
இருபத்தெட்டுப் புள்ளிகள், இருபத்தெட்டுச் சுவர்கள்.
காற்று அதைப் பாய்மரமாக்கப் பார்க்கிறது.
"இந்தத் தெருவெல்லாம் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு,
முதல்ல எங்க?" என்கிறாள்.

எனக்குத் தெரிந்தவை வேறு:
எந்தச் சந்தில் செங்கல் மையைக் குடிக்கும்,
எந்தக் கதவு கரைப்பானுக்குத் தோலுரியும்,
திங்கள் இரவு நான் அழித்த பெயர்
எந்த மூலையில் புதன் விடியமுன்
திரும்ப வந்து நிற்கும்.
ஏழு வருடமாக நகரசபைக்கு இதுதான் செய்கிறேன்.
இரண்டு உருளைத் தூரிகை,
இருபது லீற்றர் வாளிகளில் ஒரே சாம்பல்,
ஒரு வெள்ளை வான்.
முதல் நாள் அதில் ஏறாமல் நின்றேன்.
மேற்பார்வையாளர் ட்ரெவர் சிரித்தார்,
சாவி சரியில்லை என்றேன்.

கம்பளிக் கிடங்கின் பக்கச் சுவரில்
நாலு மாடிக்கு ஒரு பெண்முகம்.
இடது கண் வரவேண்டிய இடத்தில்
உடைந்த ஜன்னல்.
வரைந்தவர் அதை அடைக்கவில்லை.
புறா ஒன்று உள்ளே போகிறது,
கொஞ்ச நேரம் அவள் எதையும் பார்க்கவில்லை,
பிறகு படபடத்து வெளியே வருகிறது பார்வை.

மீன்கடை முதுகில் மழைநீர்க் குழாயைச் சுற்றி
ஒரு சாக்குக்கணவாய்.
ஒரு கை மூலை திரும்பி
வங்கி வாசல்வரை போகிறது.
சுகிர்தா கைபேசியோடு பின்னால் பின்னால் போகிறாள்,
"தள்ளி நில்லுங்கோ, கால் தெரியேல்ல."
என் காலைச் சொல்லவில்லை.
பொரித்த மீனுக்கு வந்த கடற்காகங்கள்
வரைந்த மீனையும் ஒருதரம் பார்த்துவைக்கின்றன.

எங்கள் கையேட்டில் ஒரே ஒரு வரிதான்:
அனுமதிச்சீட்டு உண்டென்றால் ஓவியம்,
இல்லையென்றால் அழுக்கு.
போன மாரியில் ஒரு நீல மீன், முழங்கை நீளம்,
செதில் செதிலாக யாரோ ராத்திரி முழுக்க இருந்து வரைந்தது.
சீட்டு இல்லை.
பத்து நிமிடம் வானுக்குள்ளேயே இருந்தேன்.
பிறகு மூன்று தரம் பூசினேன்.
நீலம் லேசில் போகாது.

இருபத்தொன்றாம் புள்ளியைத் தேடி வழிதவறி
கயிற்றுச் சந்துக்குள் இறங்கினோம்.
இது வரைபடத்தில் இல்லை.
குப்பைத்தொட்டி, ஒற்றைச் சப்பாத்து, உப்பு மணம்.
அங்கே சுவரில் என் சாம்பல் சதுரம்.
அதைச் சுற்றிப் பொன்னிறச் சட்டகம்,
மூலைக்கு மூலை கொடியும் பூவும் செதுக்கியதுபோல் வரைந்து,
மேலே ஒரு பொய் ஆணி, பொய்க் கயிறு, அவற்றின் பொய் நிழல்.
கீழே வலப்புறம் அரும்பொருளகச் சீட்டு மாதிரி
வெள்ளையில் நுணுக்கமான எழுத்து:
தலைப்பில்லை.
ஓவியர்: நகரசபை.
சாம்பல் மேல் சாம்பல்.

சுகிர்தா சிரித்த சிரிப்பு
துறைமுகம்வரை கேட்டிருக்கும்.
"இது உங்கடதோ?"
இடப்பக்கம் வழிந்து உறைந்த ஒரு சொட்டு.
மழைக்கு முன் முடிக்க ஓடிய நாள்.
என்னுடையதுதான்.

சாய்ந்த வெயிலில் பூச்சின் மேடு பள்ளம் தெரிகிறது,
ஒரு வால்,
ஒரு முதுகுத் துடுப்பு.

சட்டகத்துக்கும் சீட்டு இருக்காது.
நாளை திங்கள்; யாராவது முறைப்பாடு சொன்னால்
மணி என் கைபேசியில்தான் அடிக்கும்.
அவளோ பேனாவைத் திறந்து
வரைபடத்தில் இருபத்தொன்பதாவதாக ஒரு புள்ளி குத்துகிறாள்,
அழுத்தியதில் தாள் கிழிகிறது.
"பசிக்குது, வாங்கோ."

அவள் சந்து திரும்பும்வரை நின்றேன்.
சொட்டு உறைந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன்.
முதலில் சாம்பல், பிறகும் சாம்பல்,
பிறகு
ஒரு செதில் அளவு நீலம்.