நாலடி இடைவெளி

மூன்று நாள், ஏழு இடம், ஒரு வேன்.
கடலாதெனியவில் கல்வெட்டு,
எம்பெக்கவில் மரத்தூண்,
லங்காதிலகவில் சாயங்கால வெயில்.
வெயில் நேரத்துக்கு வந்தால்
நல்ல பெயர் எனக்குத்தான்.

ஆண்டுகளைக் கேட்டால்
பிரட்டில் பேர் கூப்பிடுவதுபோல் சொல்வேன்:
ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு.
இதுவரை யாரும் திருத்தியதில்லை.

இந்த முறை வந்தவர்கள் துருக்கி.
வடக்கே, கருங்கடல் கரையில், ரிசே என்ற ஊர்.
நெர்மின் சரித்திரம் படிப்பித்து ஓய்வானவர்.
தாஹ்சின் தேயிலை ஃபெக்டரியில்
முப்பது வருசம் ரோலர் மெசினோடு கத்திக் கத்தி
காது கொஞ்சம் மந்தம்.

நெர்மின் போனில் காட்டினார்:
அமாஸ்யாவில் பாறை நெற்றியில் குடைந்த ராசா கல்லறைகள்,
கீழே ஆறு, ஆற்றோரம் சாய்ந்த மரவீடுகள்.
இன்னொரு மலையில்
குளவிக்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு மடம்.
'எங்கள் பக்கம் குளவிக்கூட்டைப் பார்த்தால்
படமெடுக்க மாட்டோம், ஓடுவோம்' என்றேன்.
அவர் சிரித்து முடித்தபின்
தாஹ்சின் 'என்ன?' என்று கேட்டார்.

எந்தத் தூணைக் கண்டாலும் நெர்மினுக்கு
நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.
'அளவு தெரிய ஓர் ஆள் வேண்டும், சுகுணவதி.'
நின்றேன்.
கல் யானைக்குப் பக்கத்தில், கதவு நிலைக்குப் பக்கத்தில்,
ராசாக்களின் வேலைக்குப் பக்கத்தில்
ஐந்தடி ஓரங்குலமாய்.

தாஹ்சின் கோயிலெல்லாம் தூங்கினார்.
புசல்லாவை தாண்டித்தான் கண்ணாடியை இறக்கினார்.
'எங்களிடம் கத்தரிக்கோலால் வெட்டுவோம்,
கத்தரிக்கோலின் வாயிலேயே ஒரு பை கட்டியிருக்கும்.
பனிக்காலத்தில் செடி வெள்ளைக்குள் தூங்கும்.
இங்கே?'
'இங்கே தூங்க விடுவதில்லை' என்றேன்,
செடியைத்தான் சொன்னேன்.

கொத்மலையில் அந்த வருசம் மழை ஏமாற்றியிருந்தது.
நீர்த்தேக்கம் வற்றி வற்றி
முங்கிப்போன விகாரை வெளியே வந்து நின்றது,
கழுத்துவரை சேறு பூசிக்கொண்டு.
ஐஸ் பழ வண்டி, பலூன்காரன்,
கரையெல்லாம் சனம்.
நெர்மின் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
வெடித்த மண்ணில் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

தாஹ்சின் வேறு பக்கம் போனார்.
வழி தவறிவிட்டார் என்று நினைத்துப் பின்னால் போனேன்.
சரிவில் ஒரு கருப்புக் கட்டை.
அதற்கப்பால் ஒன்று. அதற்கப்பாலும்.
பாதத்தை மாற்றி மாற்றி வைத்து
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அளந்தார்.
திரும்பக் குறுக்கே அளந்தார்.
குந்தி, நகத்தால் சேற்றைச் சுரண்டி,
பழைய கவ்வாத்து வெட்டு ஒன்றைத் தொட்டுவிட்டு
நிமிர்ந்து சத்தமாய்ச் சொன்னார்:
'இது சாய்.'

சாய். தேயிலை.
நிரை பிசகாமல், தண்ணீருக்குள்
இத்தனை வருசம் நின்ற மலை.
இருபது தடவையாவது வந்திருப்பேன்.
விகாரையைக் காட்டி, ஆண்டைச் சொல்லி,
இந்தக் கட்டைகளில் கால் தடுக்கி
'பார்த்து வாங்க' என்றும் சொல்லியிருப்பேன்.

நெர்மின் நோட்டோடு வந்தார்.
'எந்த ஆண்டு?'
ஆயிரத்து முந்நூற்று என்று நாக்கு எழும்பியது.
விழுங்கினேன்.
'நட்டது யார்?'
துரை பேர் எங்காவது ஒரு கந்தோரில் இருக்கலாம்.
குழி வெட்டியவர் பேரைக் கேட்கிறார் போலிருந்தது.
'தெரியாது' என்றேன்,
மூன்று நாளில் முதல் தடவையாக.

அவர் ஏதோ எழுதினார், இரண்டு வரி.
துருக்கி எழுத்து. என்னவென்று கேட்கவில்லை.

தாஹ்சின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
கையால் என்னைக் காட்டினார்:
அளவுக்கு ஓர் ஆள்.
போய் நின்றேன்.
என் முழங்காலுக்குக் கீழேதான் வந்தது.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
படத்தில் அது
ஒரு வேலையும் இல்லாமல் தொங்குகிறது.

ராத்திரி வேன் கார்பெட்டைக் கழுவினேன்.
சேறு போக மூன்று வாளித் தண்ணீர் ஆனது.
நாளைக்கு நுவரெலியா, பழைய தபால் கந்தோர்,
சிவப்புச் செங்கல்,
ஆண்டு தெரியும்.