நமது நிருபர்

ஸ்கோரை முதல் வரியில் போடு என்பார்கள் மேசையில்.
போடுகிறேன்:
ஆயில் மில் இரண்டு, மேல் டிவிஷன் ஒன்று.
இடம் ஊத்தான் மெலிந்தாங், தோட்டத் திடல்.
திடலின் ஒரு மூலையை லாரிகள் எடுத்துக்கொண்டுவிட்டன.
கார்னர் அடிப்பவன் டயர்த் தடத்தில் நின்றுதான் அடிக்கிறான்.
வானிலை: மில்லின் புகை, பிறகு மழை.

முதல் பாதி முடிய நான்கு நிமிடம்.
ரஃபிகுல் தலையால் தட்டிப் போட்டதை
எழுதிக்கொண்டிருந்தேன்,
நோட்டு நனைந்துபோய், ஃபோனில்.
அதே ஃபோனில்தான் வந்தது.

"தகுதிகாண் காலத்தில் தங்கள் பணி
எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை."
ஒரு மழைத்துளி 'எட்டவில்லை'யின் மேல் விழுந்து
அதை மட்டும் பெரிதாக்கிக் காட்டியது.

நூற்று எழுபத்தாறாம் நாள்.
நூற்றெண்பதில் நிரந்தரம்.
எனக்கு முன்னால் இருந்த தினகர்,
அவனுக்கு முன்னால் பூப்பந்து எழுதிய,
பேர் யாருக்கும் நினைவில்லாத அந்தப் பெண்,
எல்லாரும் நூற்றெழுபதுகளில்தான் போனார்கள்.
கணக்குப் பிரிவில் யாரோ
நன்றாக எண்ணத் தெரிந்தவர் இருக்கிறார்.

வேலை உறுதிக் கடிதம் வந்ததும் கொண்டுவா என்று
மோட்டார் கடைத் தவுக்கே
பச்சைக் கோப்பில் என் பேரை எழுதிவைத்திருக்கிறார்,
பென்சிலால்.

எதிர்பார்த்த தரம் எதுவென்று ஒருநாளும் சொன்னதில்லை.
படத்தில் ஸ்பான்சர் பதாகை விழவேண்டும் என்றார்கள்.
உவமை வேண்டாம் என்றார்கள்.
ஆகவே இங்கே சிவப்பு அட்டை என்று எழுதமாட்டேன்.
நடுவர் சுகுமாறனிடம் உண்மையிலேயே ஒன்று இருந்தது.
சட்டைப்பையில் ஊறி, சாயம்விட்டு,
நெஞ்சுப் பக்கம் இளஞ்சிவப்பாகிக்கொண்டிருந்தது.

அரைநேரத்தில் மில் அணி மேலாளர் அமலதாஸ்
ஆரஞ்சுத் துண்டு நீட்டினார்.
"மிஸ், நாளைக்கு எவ்ளோ பெருசா வரும்?"
வாயில் ஆரஞ்சு இருந்தது நல்லதாகப் போயிற்று.

அடுத்தது துணையாசிரியர் லோகபாலன்:
"வருத்தம்தான்லா. ஆனா மேட்ச்ச அனுப்பிடு,
நாலாம் கட்டம் காலியா கிடக்கு."

திட்டத்தான் தட்டச்சைத் தொட்டேன்.
விரல் தன் பாட்டுக்கு
'இரண்டாம் பாதியில்' என்று அடித்தது.

இரண்டாம் பாதியில் மேல் டிவிஷன் ஒன்றைத் திருப்பியது.
அதற்குப் பிறகு ஒரு பந்தும் தாண்டவில்லை கஜவேலுவை.
பழம் ஏற்றும் லாரியிலிருந்து நேராக வந்தவர்,
முள் ஏறிய உள்ளங்கையோடு மில்லுக்குக் கோல் காத்தார்.
அவருக்கும் காண்ட்ராக்ட்தான்:
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
புதிதாக வேலைக்குச் சேர்கிறார்,
பதினோரு வருஷமாக.
எண்பத்தொன்பதில் மறுபடி ரஃபிகுல்.
குலை அறுக்கிற கை. கால் அதைவிட நிதானம்.
பெர்மிட் டிசம்பரில் முடிகிறது.
அதையும் எழுதினேன், வெட்டுவார்கள் என்று தெரிந்தே.

தகரக் கொட்டகையில் ஒதுங்கி அனுப்பினேன்.
போயிற்று.
விட்டுப்போன ஒற்று ஒன்றைத் திருத்த
மறுபடி உள்ளே நுழையப் பார்த்தால்
கடவுச்சொல் தவறு என்றது.

காலையில் பசியாறக் கூட்டம் நிற்கும் ஒட்டுக்கடையில்
பேப்பரை விரித்துவைத்துக் காத்திருந்தான் ரஃபிகுல்.
அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
விரல் வைத்துக் காட்டினேன், இதுதான் நீ.
'ரபிக்' என்று போட்டிருந்தார்கள்.
பெர்மிட்டைக் காணோம்.
படத்தில் பதாகை முழுசாக விழுந்திருந்தது.

"நாமா மிஸ் மானா?"
என் பேர் எங்கே என்கிறான்.
தலைப்புக்குக் கீழே, ஆறு மாதமாக இருக்கிற இடத்தில்
இருந்தது: நமது நிருபர்.
அதைத் தொட்டேன்.
எழுத்து எழுத்தாகப் பார்த்தான்.
பாஞ்சாங், என்றான். நீளமான பேர்.

ஆமாம் என்றேன்.
பெட்ரோல் காசு நாற்பத்தேழு வெள்ளி
அந்தப் பேருக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.