ஜன்னலைத் திறந்து வையுங்கள்

பதினான்கு வருடம் கிராடக்கின் வீட்டில் குடியிருந்தோம்.
பதினான்கு வருடமும் அவர் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்:
ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பொரிருவாவில் ஜூலை என்றால் நடுக்குளிர்.
தெற்கே பனிக்கண்டத்திலிருந்து கிளம்பும் காற்று
வழியில் எங்கும் சூடாகாமல் வந்து சேரும்.
கதவு தட்டும் பழக்கம் அதற்குக் கிடையாது.

அலமாரியை நகர்த்தினால் சுவரெல்லாம் கறுப்பு.
துடைப்பேன்.
ப்ளீச்சின் நெடி அடங்குவதற்குள்
மழித்த மோவாயில் போல மறுபடி அரும்பும்.

ஃபெலெட்டி மூன்று வயதிலிருந்து விசிலோடு தூங்கினான்.
அவசரப் பிரிவில் பெயர் கேட்பதை விட்டுவிட்டார்கள்,
எங்களுக்கு எந்த நாற்காலி பிடிக்கும் என்றுகூடத் தெரியும்.
வீட்டில் ஈரமா என்றார் டாக்டர்.
ஆமாம் என்றேன்.
அவர் சீட்டில் எழுத முடிந்ததை மட்டும் எழுதினார்:
நீல இன்ஹேலர், தேவைப்படும்போது.

அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க
ஒப்பந்தத்தில் எங்களுக்கு அனுமதி இல்லை.
அந்தச் சுவர் என் பிள்ளையின் நெஞ்சில் குடியேற
யாரிடம் அனுமதி வாங்கியது, தெரியாது.

பிறகு வாங்கினோம்.
ரொபாட்டியின் ஓய்வுக்காலச் சேமிப்பு,
பிரிஸ்பேனிலிருந்து என் தம்பி அனுப்பியது,
இரண்டு வருடம் நாங்கள் தின்னாத இறைச்சி.
வங்கிக்காரி, சின்னப் பெண், திரையைத் திருப்பிக் காட்டினாள்:
முப்பது வருடம்.
ரொபாட்டிக்கு நாற்பத்தொன்பது.
மேசைக்கு அடியில் அவர் விரல்விட்டு எண்ணியதை
நான் மட்டும் பார்த்தேன்.

சின்ன வீடு, மேட்டில், வடக்கு பார்த்தது.
இங்கே வெயில் வடக்கிலிருந்துதான் வரும்.
கூரைக்குள் கம்பளிப் பஞ்சு அடைத்தோம்.
ரொபாட்டி தரைக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்து
மண்ணின் மேல் பாலிதீன் விரித்தார்.
ஒருவரையும் கேட்கவில்லை.
அன்றைக்கு முதுகு வலித்தது,
அதுவும் சொந்த முதுகாக வலித்தது.

ஐந்தாம் வாரம், இரவு மூன்று மணி.
எதுவோ நின்றுபோய், அதனால் விழித்தேன்.
வெறுங்காலோடு ஓடி
ஃபெலெட்டியின் மூக்கருகே கை வைத்தேன்.
மூச்சு. வந்தது, போனது.
பதினோரு வயதுப் பிள்ளையின் மூச்சுக்குச்
சத்தமே இருக்காது என்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.
கட்டிலோரம் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
தரை காய்ந்திருந்தது.

இங்கே முடித்தால் அழகாக இருக்கும்.
ஆனால் வட்டி ஏறியது.

ரொபாட்டி பகலில் பஸ் ஓட்டுகிறார்.
வாரத்தில் நான்கு இரவு
குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்குகிறார்.
விடியும்போது வந்து ஷூவைக் கழற்றினால்
கணுக்காலில் காலுறையின் பின்னல் பதிந்திருக்கும்,
மத்தியானம் வரை மறையாது.
ஃப்ரிட்ஜ் மேல் ரத்த அழுத்த மாத்திரை,
அதற்கடியில் பறக்காமல் வங்கிக் கடிதம்.
ராத்திரி வேலையை விட்டுவிடுங்கள் என்கிறாள் நர்ஸ்.
நல்லவள்தான்.
எனக்கு ஏனோ கிராடக் ஞாபகம் வந்தது.

ஒரு நெஞ்சிலிருந்து எடுத்து
இன்னொரு நெஞ்சில் வைத்துவிட்டோமா என்று
ஒரே ஒரு தடவை கேட்டேன்.
என் நெஞ்சு அகலம், இடம் இருக்கிறது என்று சிரித்தார்.
சிரித்து முடித்ததும் சற்று மூச்சு வாங்கினார்.
நான் கவனிக்காத மாதிரி தட்டைக் கழுவினேன்.

நேற்று அவர் பஸ்ஸில்தான் வேலையிலிருந்து திரும்பினேன்.
கிராடக் வீட்டில் புதிதாக யாரோ.
வாசலில் தள்ளுவண்டி, மேலே போட்ட துண்டு நனைந்துகொண்டிருந்தது.
சாய்ந்தடிக்கும் மழை.
பக்கவாட்டு ஜன்னல் இரண்டும்
விரியத் திறந்திருந்தன.
குழந்தையைப் போட அந்த அறைதான் உண்டு,
எனக்குத் தெரியும்.

ரொபாட்டியும் பார்த்திருக்க வேண்டும்.
நிறுத்தம் இல்லாத அந்த இடத்தில்
பஸ் கொஞ்சம் மெதுவானது.